படச்சுருள் தேடி உலகைச் சுற்றிய தமிழர்

1937 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2 ஆம் திகதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்றுகொண்டிருந்த கப்பலொன்றில் தமிழ் இளைஞர் ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த தினம். அந்த மாமனிதரின் வாழ்வைத் திரைப்படமாகத் தொகுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறைவடைந்திருக்கவில்லை. கையில் பெரும் பணமோ பின்னால் பெரிய ஸ்தாபனமோ கிடையாது. அவர்தான் பிற்காலத்தில் 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அறியப்பட்ட ஏ.கே.செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 நவம்பரில் பிறந்தவர் கருப்பன் செட்டியார். கடல் கடந்து வாணிபம் செய்வதை வழமையாகக் கொண்ட நகரத்தார் சமூகத்தவர். கொழும்புச் செட்டியார் தெருவை அறிந்த எமது வாசகர்களுக்கு அச்சமூகத்தைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. ஆனால் இவருக்கு வட்டித் தொழிலில் நாட்டம் ஏற்படவில்லை. பர்மாவில் ரங்கூனிலிருந்து வெளியான 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் யப்பானுக்குச் சென்று டோக்கியோவில் புகைப்படக் கலையைப் பயின்றார். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் நியூயோர்க்கிலும் அதே கலையைக் கற்றார். அக்காலத்துத் தமிழ் எழுத்தாளர்களில் கமராவின் தொழில்நுட்பத்தை முறையாகக் கற்றுக்கொண்டு பேனாவையும் கையிலெடுத்தவர் வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் எடுக்க முனைந்தது நடிகர்களைக் கொண்டு புனையும் படமன்று. காந்தியை உண்மையாகவே படம்பிடித்த சுருள்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. 1930 ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையையும், 1931 இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்ற அவர் லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளர் நடுவே நின்றதையும் செய்திப்படக் கம்பனிகள் பிடித்திருந்தன. ஒரு வாரம் திரையிட்டு, மறுவாரம் மறந்துபோவதற்காக எடுக்கப்பட்ட துண்டுகள் அவை. அவற்றை வரலாறு என்று அக்கம்பனிகளே கருதியிருக்குமா என்பது ஐயமே. அடுத்து, காந்தியோ சினிமாவை மதித்தவரல்லர். 1927 இல் அமைக்கப்பட்ட இந்தியச் சினிமா விசாரணைக் குழு அவரது கருத்தைக் கேட்டபோது அவர் அளித்த பதில் சினிமாவுக்குச் சற்றும் ஆதரவானதாக இருக்கவில்லை. சினிமாவை வெறுத்த ஒருவரைச் சினிமாவினாலேயே காப்பாற்றி வைக்க முனைந்தார் செட்டியார்.

இதற்கென 'டொக்யுமென்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்ற கம்பனி உருவாகியது. செட்டியார் புறப்பட்டார். தென்னாபிரிக்காவுக்குச் சென்று காந்தியின் போராட்டம் தொடங்கிய இடங்களைப் படமாக்கினார். ஐரோப்பிய நகரங்களில் செய்திப்பட அலுவலகங்களின் படியேறினார். நான்கு கண்டங்களில் சுமார் ஒரு இலட்சம் மைல்கள் பயணம் செய்தார். இன்று விமானத்தில் செல்லும் ஒருவருக்கு இந்தத் தொலைவு பெரிதாகத் தோன்றாமலிருக்கலாம். அன்று கப்பலிலும் புகையிரதத்திலும், பெரும்பாலும் தனியாளாக அலைந்து கடந்த தூரம் அது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்திருந்த சுருள்களிலிருந்து 50,000 அடி நீளமான படம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஒலிப்படத்தின் வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல் ஓடக்கூடிய நீளம். அதிலிருந்து 12,000 அடியைத் தெரிந்தெடுத்தார். கைவிட்ட முப்பத்தெட்டாயிரம் அடியில் என்னென்ன இருந்தன என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. தொகுப்பாளரின் கத்தரி எப்போதும் இரக்கமற்றதுதான்.

காலம் அவருக்குச் சற்றே இடம் கொடுத்தது எனலாம். 1939 செப்டெம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. தேடலை இரண்டு வருடம் தாமதித்துத் தொடங்கியிருந்தால் கடல்வழிகள் மூடுண்டிருக்கும். குண்டுவீச்சில் அழிந்த களஞ்சியங்களோடு பல சுருள்களும் போயிருக்கும்.

படம் தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஓகஸ்ட் 23 இல் சென்னையில் திரையிடப்பட்டது. தெலுங்கு வடிவமும் வந்தது. பிரித்தானிய அரசு யுத்தத்தில் இறங்கியிருந்த வேளை அது; 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியபின் காந்தியின் உருவத்தைத் திரையில் காட்டுவதே துணிச்சலான செயலாயிற்று. சுதந்திரத்துக்குப் பின்னர் இந்தி வடிவமும், 1953 இல் அமெரிக்காவில் தயாரான ஆங்கில வடிவமும் வெளிவந்தன. அவ்வளவுதான். அதன் பிறகு படம் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது.

மறைந்தது ஏன் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. 1950 களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருள்கள் பெரும்பாலும் நைத்திரேற்று எனும் பொருளால் செய்யப்பட்டன. எளிதில் தீப்பற்றும் அது, ஒரு முறை பற்றிவிட்டால் நீரூற்றியும் அணைக்க முடியாதது. தீப்பற்றாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் தானாகவே நெகிழ்ந்து, பிசுபிசுத்து, இறுதியில் தூளாகிவிடும். எமது கடலோர நாடுகளின் காலநிலையில் அதைக் குளிரூட்டிய அறையில் பேணினாலன்றி வேறு வழியில்லை. நமக்கு இதில் அனுபவம் உண்டு. 1925 இல் இலங்கையில் எடுக்கப்பட்ட முதலாவது மௌனப்படமான 'ராஜகீய விக்கிரமய' பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. இந்நாட்டு மக்கள் காண்பதற்கு முன்னரே தீக்கிரையாயிற்று. காகிதம் எரிந்தால் என்னவாகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணம் கண்டது.

செட்டியாரின் மறுபாதி வாழ்க்கை காகிதத்தைச் சேர்ந்தது. 1943 இல் 'குமரி மலர்' மாத இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகள், தமது இறுதிக்காலம் வரை நடத்தினார். பரபரப்பு எதுவுமில்லாத இதழ். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகள், பயணக் குறிப்புகள், அக்கால வாழ்க்கையைக் காட்டும் விடயங்கள் என்று தேடியெடுத்து மறுபிரசுரம் செய்தார். படச்சுருள்களுக்காக உலகை அலசிய அதே மனம், தமிழ்நாட்டுப் பழம் பத்திரிகைகளையும் அலசியது. 1968 இல் அவர் தொகுத்த 'தமிழ்நாடு' என்ற நூல், முற்காலத்தவர் எழுதிய பயணக் கட்டுரைகளின் திரட்டு. தெருக்களும் சத்திரங்களும் வண்டிப் பயணங்களும் நிறைந்த அந்த நூலை சமூக வரலாற்று ஆய்வாளர் எவரும் ஒதுக்கிவிட முடியாது. தம்மைப் பற்றி மட்டும் அவர் எழுதியது மிகக் குறைவு. அவருடைய பயண நூல்களில் பயணம் செய்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடக்கத்தை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தாரோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது. தம் படத்தைப் பற்றி அவர் சற்று உரத்துப் பேசியிருந்தால் அதைப் பாதுகாக்க யாரேனும் முன்வந்திருக்கக்கூடும்.

1983 ஏப்ரலில், ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'காந்தி' திரைப்படம் எட்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. நடிகர் ஒருவர் ஏற்ற வேடத்தில் உலகமே காந்தியைக் கண்டு நெகிழ்ந்தது. உண்மையான காந்தியைச் சுருள் சுருளாகத் தேடிச் சேர்த்த மனிதர் அதே ஆண்டு செப்டெம்பரில் சந்தடியின்றிக் காலமானார். அந்த ஆண்டில் இலங்கைத் தமிழர்களாகிய நாம் எவருடைய மறைவையும் கவனிக்கும் நிலையில் இருக்கவில்லை.

அவர் பிறந்த அதே கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா. பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும்கூட விடாமல் சேர்த்தவர். 1992 இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்திரட்டை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. ஒரே ஊரில் பிறந்த இருவரில் ஒருவர் சேர்த்தது நூலகமாயிற்று. மற்றவர் சேர்த்தது சிதறிப்போயிற்று.

'குமரி மலரில்' செட்டியார் தொடராக எழுதிய படத் தயாரிப்பு அனுபவங்களை வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகப் பதிப்பித்து 2003 இல் வெளியிட்டார். படத்தையும் அவர் தொடர்ந்து தேடினார். அவருக்கு அது அகப்பட்டது சென்னையிலும் அன்று, டில்லியிலும் அன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில். கிடைத்ததும் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்ட வடிவம் மாத்திரமே. 1940 இல் சென்னை மக்கள் தமிழில் கேட்டுப் பார்த்த அந்த 12,000 அடி அதில் இல்லை.