ஸ்டாரை விற்றால் யாருக்கு ரிஸ்க்? இரண்டு முறை கைமாறிய வில்ட் சேம்பர்லெய்னின் கதை

2025 நவம்பரில் சிஎஸ்கே, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. எம்.கே.பி. நகர் டீக்கடையில் நின்றாலும் சரி, ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பைத் திறந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: நமக்கு லாபமா, நஷ்டமா?

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இதைவிடப் பெரிய குண்டு வெடித்தது. 25 வயதே ஆன லூகா டான்சிச்சை டல்லாஸ் அணி திடீரென்று லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆந்தனி டேவிஸை வாங்கிக்கொண்டது. ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. என்பிஏவில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, காலையில் ஒரு ஊர், ராத்திரி வேறு ஊர் என்று ஆளை மாற்றிவிடலாம். டான்சிச்சுக்கும் அதுதான் நடந்தது.

இப்படி ஒரு மெகா டிரேடில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று புரிந்துகொள்ள, புள்ளிவிவரக் கட்டுரைகளைவிட ஒரு மனிதரின் வாழ்க்கை நன்றாக உதவும். அவர் வில்ட் சேம்பர்லெய்ன். உச்சத்தில் இருக்கும்போதே இரண்டு முறை டிரேட் செய்யப்பட்டவர்.

ஏழடி ஒரு அங்குலம்

1936 ஆகஸ்ட் 21 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர் வில்ட். வளர்ந்து நின்றபோது உயரம் ஏழடி ஒரு அங்குலம். நம்ம வீட்டு வாசல் நிலை பொதுவாக ஏழடி; உள்ளே வரணும்னா அவர் குனிந்துதான் ஆகணும். சும்மா உயரம் மட்டும் இல்லை. பள்ளி, கல்லூரிக் காலத்தில் ஓட்டம், உயரம் தாண்டுதல் என்று தடகளத்திலும் கலக்கியவர்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1957 தேசிய இறுதிப் போட்டியில் மூன்று கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். பெரிய ஆட்டத்தில் மயிரிழையில் தோற்பது அவர் வாழ்க்கை முழுக்கத் துரத்திய விஷயம். கடைசி ஆண்டை முடிக்காமல் வெளியேறினார். ஆனால் தன் செட் மாணவர்கள் பட்டம் வாங்கும் வரை என்பிஏவில் ஆட முடியாது என்று விதி. அந்த ஒரு வருஷத்தை ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற காட்சி ஆட்டக் குழுவோடு உலகம் சுற்றிக் கழித்தார்.

1959-ல் சொந்த ஊர் அணியான பிலடெல்பியா வாரியர்ஸில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு சராசரி 37.6 புள்ளி, 27 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே, சீசனின் மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதும் அவருக்கே. 1961-62 சீசனில் சராசரி 50.4. அந்த சீசனில்தான், 1962 மார்ச் 2 அன்று, ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆளாக 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் தொடாத கணக்கு. அன்று நிக்ஸ் தரப்பில் அவரைத் தடுக்க நின்று, ஃபவுல் அதிகமாகி வெளியேறிய சென்டரின் பெயர் டேரல் இம்ஹாஃப். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தும் கோப்பை மட்டும் வரவில்லை. எதிரில் பாஸ்டன் செல்டிக்ஸ். அங்கே பில் ரஸல். வில்ட் புள்ளி குவிப்பார், ரஸல் கோப்பையைத் தூக்குவார். தனி ஆளாக ஆடுகிறவர், அணிக்கு ஆகாதவர் என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது.

முதல் டிரேட்: உடம்பு என்ற ரிஸ்க்

1962-ல் வாரியர்ஸ் அணியே கைமாறி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. வில்ட்டும் கூடவே போனார். 1964-ல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். மறுபடியும் பாஸ்டனிடம் தோல்வி.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பு அவருக்குக் கடுமையான வயிற்று வலி. மருத்துவர்கள் சோதித்தபோது இதயத் துடிப்பில் ஏதோ கோளாறு போலத் தெரிந்தது. பிலடெல்பியாவில் அவருடைய சொந்த டாக்டர் பார்த்து, இது கணைய அழற்சி என்றார். எது உண்மையாக இருந்தாலும், அணி உரிமையாளர் ஃபிராங்க்ளின் மியூலிக்கு அது தூக்கம் கெடுக்கும் செய்தி. டிக்கெட் சரியாக விற்கவில்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. லீக்கிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் வரிசையில் இருந்த ஆளின் நெஞ்சிலோ ஒரு கேள்விக்குறி. போதாததற்கு, அதே சென்டர் இடத்தில் ஆடக்கூடிய நேட் தர்மண்ட் என்ற இளம் வீரர் ஏற்கெனவே டீமில் இருந்தார்.

1965 ஜனவரியில் வில்ட்டை ஃபிலடெல்பியா 76ers அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு பால் நியூமன், கானி டியர்கிங், லீ ஷாஃபர் என்று மூன்று வீரர்கள், கூடவே 1,50,000 டாலர். இதில் ஷாஃபர் வாரியர்ஸ் பக்கம் வரவே இல்லை, விளையாட்டையே விட்டுவிட்டார். அதாவது லீக்கின் முதல் நம்பர் வீரருக்குக் கிடைத்தது இரண்டு சுமாரான ஆட்டக்காரர்களும் கொஞ்சம் பணமும்.

அந்த சீசன் முடிவில் வாரியர்ஸ் வென்றது 17, தோற்றது 63. பார்த்தவர்கள் எல்லாம் மியூலியை முட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. என்பிஏவில் மோசமாகத் தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டு கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு. அந்த வரிசையில் வாரியர்ஸுக்கு ரிக் பேரி கிடைத்தார். இரண்டாவது சீசனிலேயே அவர் லீக்கின் அதிகப் புள்ளி எடுத்தவர். தர்மண்டும் பேரியும் சேர்ந்து 1967-ல் வாரியர்ஸை இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார்கள். விற்றதில் வந்த லாபம், வாங்கிய மூன்று பேரிடம் இல்லை. விற்றதால் வந்த தோல்வியில் இருந்தது. (டான்சிச்சைக் கொடுத்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட டல்லாஸுக்கு, சில மாதங்களில் குலுக்கலில் முதல் தேர்வு விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்ததும் இந்த ரகம்தான். திட்டம் போட்டு நடந்தது என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டம்.)

வாங்கிய பக்கம் என்ன ஆச்சு?

ஃபிலடெல்பியா 76ers அணிக்கும் உடனே ஜாக்பாட் அடிக்கவில்லை. முதல் சீசன் 40 வெற்றி, 40 தோல்வி. பாஸ்டனுடனான ஏழாவது ஆட்டத்தில் 110-109 என ஒரு புள்ளியில் தோல்வி. திரும்பவும் அந்த ஒரு புள்ளி!

1966-ல் அலெக்ஸ் ஹானம் பயிற்சியாளராக வந்தார். நீ புள்ளி எடுப்பதைக் குறை, பந்தைப் பிரித்துக் கொடு என்பதுதான் அவருடைய கணக்கு. தொடர்ந்து ஏழு சீசன் அதிகப் புள்ளி எடுத்த ஆளிடம் இதைக் கேட்பது சாதாரண விஷயமா? வில்ட் கேட்டார். சராசரி 33.5-லிருந்து 24.1-ஆக இறங்கியது, அசிஸ்ட் ஏறியது. அணி 68 வெற்றி, 13 தோல்வி. தொடர்ந்து எட்டு முறை சாம்பியனான பாஸ்டனை வழியிலேயே வீழ்த்தினார்கள். இறுதிப் போட்டியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அவரை விற்ற அதே வாரியர்ஸ். 4-2 என வென்று, 30 வயதில் முதல் கோப்பையைத் தொட்டார்.

ஆக, வாங்கிய பிறகு ஆளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிவதற்கே 76ers அணிக்கு இரண்டு வருஷம் ஆனது. சஞ்சு சாம்சன் விஷயத்தில் முதல் நாலு மேட்சிலேயே தீர்ப்பு எழுதத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாக்குறுதி காற்றோடு போச்சு

இரண்டாவது டிரேடின் விதை, ஒரு மரணத்தில் இருக்கிறது. 76ers அணியின் இணை உரிமையாளர் ஐக் ரிச்மன், வில்ட்டின் வழக்கறிஞரும்கூட. அணியில் தனக்கு ஒரு பங்கு தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார் என்பது வில்ட்டின் வாதம். 1965 டிசம்பரில் பாஸ்டனில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, மைதான ஓரத்தில் ரிச்மன் சரிந்து இறந்துபோனார். எழுத்தில் எதுவும் இல்லை. இன்னொரு உரிமையாளரான இர்வ் காஸ்லாஃப் அப்படி ஒரு பேச்சையே ஏற்கவில்லை. ஆஃபர் லெட்டரில் இல்லாத போனஸை நம்பி வேலையில் சேர்ந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

1968-ல் பாஸ்டனிடம் 3-1 என முன்னிலையில் இருந்து தோற்றார்கள். ஹானம் போய்விட்டார். அப்போது ஏபிஏ என்ற போட்டி லீக் புதிதாக முளைத்திருந்தது. தன்னை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பாவிட்டால் அங்கே போய்விடுவேன் என்று வில்ட் காட்டிவிட்டார். 1965-ல் அவரை விற்றார்கள். 1968-ல் எங்கே விற்க வேண்டும் என்று அவர் சொன்னார். அன்றைய அமெரிக்காவில், அதுவும் ஒரு கறுப்பின வீரர் இதைச் செய்தது சின்ன விஷயம் இல்லை.

1968 ஜூலையில் டிரேட் முடிந்தது. மூன்றாவது ஆண்டாகத் தொடர்ந்து எம்விபி வாங்கியிருந்த வீரருக்கு லேக்கர்ஸ் கொடுத்தது ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ், அப்புறம்... டேரல் இம்ஹாஃப். ஆமா, அந்த 100 புள்ளி ராத்திரியில் நின்ற அதே ஆள்தான்.

மூன்று சூப்பர் ஸ்டார், மூன்றே வெற்றி

லேக்கர்ஸில் ஏற்கெனவே ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேலர். இப்போது வில்ட்டும். பேப்பரில் பார்த்தால் போட்டியே தேவையில்லை, கோப்பையைக் கையில் கொடுத்துவிடலாம். நடந்தது என்ன? வில்ட் வருவதற்கு முந்தைய சீசனில் லேக்கர்ஸ் 52 வெற்றி. வந்த பிறகு 55. கூடியது வெறும் மூன்று. வேடிக்கை, அவரை இழந்த 76ers அணியும் அதே சீசனில் அதே 55-தான் வென்றது.

காரணம் எளிது. பேலர் கூடையை நோக்கிப் பாய்ந்து ஆடுபவர். அந்த இடத்தில்தான் வில்ட் மலை மாதிரி நிற்பார். பயிற்சியாளர் வான் பிரேடா கோல்ஃப் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். வில்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை.

1969 இறுதிப் போட்டி, ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கம். வெற்றி நிச்சயம் என்று நம்பிய உரிமையாளர் ஜாக் கென்ட் குக், கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். கடைசிக் கால் பகுதியில் முழங்காலில் அடிபட்டு வில்ட் வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் தயார் என்று சொல்லியும் கோச் அவரை இறக்கவில்லை. பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன. கோச்சும் அந்த சீசனோடு கிளம்பினார்.

அடுத்த சீசனில் வில்ட்டுக்கு முழங்கால் தசைநாரே கிழிந்தது. கடற்கரை மணலில் வாலிபால் ஆடி ஆடித்தான் காலைத் தேற்றினார் (பின்னாளில் அந்த ஆட்டத்துக்கே தூதர் மாதிரி ஆகிவிட்டார்). திரும்பி வந்து, 1970-ல் இன்னொரு ஏழாவது ஆட்டம், இன்னொரு தோல்வி. டிரேட் தோற்றுவிட்டது என்று எழுதி முடித்தவர்கள் நிறையப் பேர்.

1971-ல் பில் ஷார்மன் கோச்சாக வந்தார். பேலர் காயத்தால் ஓய்வு பெற்றார். 35 வயது வில்ட்டிடம் கேட்கப்பட்டது புள்ளி இல்லை. தடுப்பு, ரீபவுண்ட், உடனே பந்தை வெளியே வீசுவது. அணி தொடர்ந்து 33 ஆட்டம் வென்றது. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. 69 வெற்றி, 13 தோல்வி, கடைசியில் கோப்பை. மணிக்கட்டு வீங்கிய நிலையில் இறுதி ஆட்டத்தில் 24 புள்ளி, 29 ரீபவுண்ட் எடுத்து, தொடரின் சிறந்த வீரரும் ஆனார்.

அதற்கடுத்த சீசனில், 1972-73-ல், 76ers அணி வென்றது ஒன்பதே ஆட்டம். தோற்றது 73. 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இதைவிடக் குறைவாக வென்ற அணி இன்றுவரை இல்லை. வில்ட் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; அதன் பிறகும் தப்பான முடிவுகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். ஆனால் அந்தச் சரிவின் தொடக்கம் 1968 ஜூலைதான்.

கடைசி வரை விடாத கயிறு

வீரர்களுக்கு ஏன் அன்று இவ்வளவு குறைவான அதிகாரம்? ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குத்தான் சொந்தம் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ சேர்ந்து, என்ஓசி கிடைக்காமல் வேறு டீமுக்குப் போக முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கத்து ஆட்டக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இது அதைவிட இறுக்கமானது.

வில்ட்டையே அது கடைசியில் பிடித்தது. 1973-ல் பெரிய சம்பளத்துக்கு ஏபிஏவின் சான் டியாகோ அணிக்கு, ஆடும் கோச்சாகப் போனார். லேக்கர்ஸ் வழக்குப் போட்டது. இன்னும் ஒரு சீசன் அவர் எங்களுக்குச் சொந்தம் என்றார்கள். ஆட அனுமதி கிடைக்கவில்லை. ஓரமாக நின்று கோச் வேலை மட்டும் பார்த்தார். 31,419 புள்ளி, 23,924 ரீபவுண்ட் எடுத்த ஒரு வாழ்க்கை அப்படி, ஆடாமலேயே முடிந்தது.

ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வீரர்கள் 1970-ல் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசத்துக்கு வந்த பிறகுதான், ஒப்பந்தம் முடிந்தவர் விருப்பப்பட்ட அணிக்குப் போகும் வழி மெல்லத் திறந்தது. வில்ட்டுக்கு அது மூன்று வருஷம் தாமதம்.

1999 அக்டோபர் 12 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில், இதயச் செயலிழப்பால் இறந்தார். வயது 63. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் அணிந்த 13-ஆம் எண்ணை லேக்கர்ஸ், 76ers, வாரியர்ஸ் மூன்று அணிகளுமே இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வு கொடுத்துவிட்டன.