ஏலாக்குறிச்சி 'திருக்காவலூர்' ஆனது எப்படி? வீரமாமுனிவரின் அடைக்கல ஊர்

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தின் வடகரையிலேயே கிழக்கே போனால், அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி வரும். அங்குள்ள தேவாலயத்தின் பெயர் அடைக்கல மாதா. ஏன் அடைக்கலம்? யாருக்கு அடைக்கலம்?

ஆற்றைக் கடந்தவர்கள்

அன்றைக்குக் கொள்ளிடம் வெறும் ஆறு இல்லை, எல்லை. தென்கரை தஞ்சை மராட்டிய அரசு. வடகரை அரியலூர் பாளையக்காரரான மழவராயரின் பகுதி. 1701-ல் மன்னர் சகசி காலத்தில் தஞ்சையில் கிறிஸ்தவர்கள் மீது கடும் ஒடுக்குமுறை நடந்தது. தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. வீடு, நிலத்தை விட்டுவிட்டு பலர் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

யார் இந்த வீரமாமுனிவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. 1711-ல் தமிழகம் வந்தார். சதுரகராதி தந்தவர், பரமார்த்த குரு கதை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஏலாக்குறிச்சியில் தேவாலயம் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். காவல் தரும் ஊர் என்று பொருள். இந்த ஊரைப் பாடி 'திருக்காவலூர்க் கலம்பக'மும் எழுதினார்.

நிலம் கொடுத்தது யார்?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மழவராயர் கிறிஸ்தவர் இல்லை. அவருக்கு வந்த ராஜபிளவை என்ற கட்டியை முனிவர் குணமாக்கியதால் நிலம் தந்தார் என்பது ஊர் வழக்கு. எப்படியிருந்தாலும், வேற்று மதத்துப் பாளையக்காரர் இடம் கொடுக்காமல் இந்த அடைக்கலம் நடந்திருக்காது.

காப்பியத்திலும் ஓர் அகதிக் குடும்பம்

முனிவரின் 'தேம்பாவணி' 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். அதன் நாயகன் அரசன் இல்லை, தச்சர் சூசை. ஏரோது மன்னனுக்குப் பயந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பிப் போகிறவர். அங்கே அந்தக் குடும்பம் அந்நிய மண்ணில் தங்கிப் பிழைக்கிறது. கொள்ளிடம் தாண்டி வந்தவர்களுக்கு இது தூரத்துக் கதையாக இருந்திருக்காது.

கடைசியில்?

போர் முனிவரையும் விடவில்லை. அவரை ஆதரித்த சந்தா சாகிப்பிடமிருந்து 1741-ல் மராட்டியப் படை திருச்சியைப் பிடித்தது. முனிவர் தெற்கே போனார். 1747-ல் காலமானார். திரும்ப வரவில்லை.

சென்னை மெரினாவில் 1968-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள், தமிழுக்காக. ஏலாக்குறிச்சியில் அவர் விட்டுப்போனது வேறு: வீடிழந்து வந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஓர் ஊர்.