கரடி வேட்டையாடிய ஜனாதிபதி

குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடிப் பொம்மைக்கு டெடி என்று பெயர்.

டெடி என்பது ஒரு மனிதரின் செல்லப் பெயர். அவர் அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். முழுப்பெயர் தியோடர் ரூஸ்வெல்ட்.

பொம்மை சாது. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், கரடிகளுக்கு எமன்!

மூச்சுத் திணறிய பிள்ளை

ரூஸ்வெல்ட் 1858-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பணக்காரக் குடும்பம். ஆனால் பிள்ளைக்கு ஆஸ்துமா நோய். இரவில் மூச்சு முட்டும். தகப்பனார் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் நடப்பார். சில இரவுகளில் குதிரை வண்டியில் ஏற்றி, காற்று வாங்க அழைத்துப் போவார்.

13 வயதில் தகப்பனார் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு சங்கடம். கூட வந்த பையன்கள் பறவைகளைப் பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள். இவர் கண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை!

தூரத்தில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. நண்பர்கள் அதைப் படபடவென்று படித்தார்கள். இவருக்கு எழுத்தே தெரியவில்லை. அப்போதுதான் தம் கண்ணில் கோளாறு என்று புரிந்தது. தகப்பனாரிடம் சொன்னார். மூக்குக் கண்ணாடி வந்தது. உலகம் இவ்வளவு அழகா என்று பையன் வியந்து போனான்.

அந்தக் கண்ணாடியைக் கடைசி வரை அவர் கழற்றவில்லை.

ஒரே நாளில் இரண்டு சாவு

படித்தார், பட்டம் பெற்றார், அரசியலில் இறங்கினார், கல்யாணமும் ஆயிற்று.

1884-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி அவர் தலையில் இடி விழுந்தது. அதிகாலையில் தாயார் டைபாய்டு சுரத்தில் இறந்தார். அன்றே, அதே வீட்டில், மனைவியும் இறந்தார். பெண் குழந்தை பிறந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது வயது 25. கைக்குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்தார். மேற்கே டகோட்டா பிரதேசத்துக்குப் போனார். அங்கே அவருக்கு மாட்டுப் பண்ணை இருந்தது. துக்கத்தை மறக்க மாடு மேய்த்தார், வேட்டையாடினார். கண்ணாடி போட்ட பட்டணத்துக்காரரைப் பார்த்து மாட்டுக்காரர்கள் நாலு கண்ணன் என்று கேலி செய்தார்கள்.

எந்தத் துப்பாக்கி?

அந்த நாட்டு மலைகளில் கிரிஸ்லி என்ற பெரிய கரடி உண்டு. தடித்த தோல். அதன் கீழே கொழுப்பு. அதற்கும் கீழே இரும்புபோல் எலும்பும் தசையும். ஓடினால் குதிரைக்கு ஈடாக ஓடும்.

அது லேசில் சாகாது. 1805-ல் மிசௌரி ஆற்று வழியே மேற்கு நாட்டை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் கோஷ்டியில் ஒருவர் ஒரு கரடியின் நுரையீரலைத் துளைத்துச் சுட்டார். அது அவரையே அரை மைல் தூரம் துரத்தியது! பிறகு திரும்பிப் போய், மண்ணைத் தோண்டிப் படுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் உயிரோடு இருந்தது. அக்காலத் துப்பாக்கியில் ஒரு குண்டு போட்டால் ஒரு வெடிதான். மறுபடி மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் கரடி மேலே விழுந்துவிடும்.

அதனால் கிரிஸ்லி வேட்டைக்குப் போகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது துப்பாக்கியைத்தான்.

ரூஸ்வெல்ட்டிடம் முதலில் இரண்டு பெரிய துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று 45-120 ஷார்ப்ஸ். மற்றொன்று 50 காலிபர் இங்கிலீஷ் இரட்டைக் குழல்.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? துப்பாக்கிக் குழலின் உள் அகலம்தான் காலிபர். ஒரு அங்குலத்தை 100 பங்காக்கினால் அதில் 45 பங்கு, 45 காலிபர். அதாவது ஏறக்குறைய அரை அங்குலம். அடுத்த எண், தோட்டாவுக்குள் இருக்கும் கரிமருந்தின் எடை. அதை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 75 கிரெய்ன் என்றால் சுமார் 5 கிராம். எண் கூடக் கூட வெடி பலமாக இருக்கும். தோளில் விழும் உதையும் பலமாக இருக்கும்.

வேட்டைக்குப் புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். பெரிய கரடிக்குப் பெரிய துப்பாக்கி என்று வாங்கிவிடுவார்கள். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவார்கள். குண்டு மரத்தில் பாயும்!

ரூஸ்வெல்ட் அனுபவத்தில் கண்டது இதுதான். இரண்டு துப்பாக்கியும் முரட்டு உதை. ஷார்ப்ஸ் தூக்கவே சிரமம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தொடர்ந்து சுட முடியாது. ஒன்றில் ஒரு வெடி, மற்றதில் இரண்டு. இரண்டையும் மூலையில் வைத்துவிட்டார்.

பிறகு அவர் கையில் எடுத்தது 1876-ம் ஆண்டு மாடல் வின்செஸ்டர் ரைபிள். அளவு 45-75. காலிபர் சிறுத்துவிடவில்லை, மருந்துதான் குறைவு. அடியில் உள்ள கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். பழைய கூடு வெளியே விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். கட்டையையும் குறிமுள்ளையும் தம் தோளுக்கும் கண்ணுக்கும் பொருத்தமாகச் செய்யச் சொல்லி வாங்கினார். தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பதுபோல!

முதல் கரடி

1884 செப்டம்பரில் வயோமிங் பிரதேசத்தில் உள்ள பிக்ஹார்ன் மலைக்குப் போனார். கூட வந்தவர் பண்ணை ஆள் மெரிபீல்டு. பைன் மரக் காட்டில் பெரிய காலடித் தடம் தெரிந்தது. சத்தம் கேட்காமல் இருக்க மெல்லிய தோல் செருப்பு அணிந்து நடந்தார்கள்.

திடீரென்று மரங்களுக்கு நடுவே கரடி எழுந்து நின்றது. பத்து அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். ரூஸ்வெல்ட் தம் வாழ்நாளில் பார்த்த முதல் கிரிஸ்லி அதுதான். கை நடுங்கவில்லை. குண்டு இரண்டு கண்களுக்கும் நட்ட நடுவில் பாய்ந்தது. கரடி அப்படியே சாய்ந்தது. நீளம் சுமார் 9 அடி. எடை 1,200 பவுண்டு இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அதாவது ஐந்து குவிண்டாலுக்கு மேல்!

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால், கரடி வேட்டை சுலபம் என்று அவரே நினைத்திருப்பார்.

நாலு தோட்டா

ஐந்து ஆண்டு கழித்து, 1889-ல் இன்னொரு கரடி அவருக்குப் பாடம் சொன்னது.

வழிகாட்டியாக வந்த கிழவருடன் மனத்தாங்கல். அவரை விட்டுவிட்டு ரூஸ்வெல்ட் தனியாக வந்துகொண்டிருந்தார். மாலை நேரம். கரடி ஒன்று பக்கவாட்டில் நடந்து போயிற்று. சுட்டார். அது உறுமிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது.

புதருக்குள் நுழைவது தற்கொலைக்குச் சமம். அவர் ஓரமாகச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். கரடி மறுபக்கம் வெளியே வந்து நின்றது. வாயில் ரத்த நுரை. இரண்டாவது குண்டு! அது இருதயத்தின் நுனியையே சிதைத்துவிட்டது.

கரடி விழுந்ததா? இல்லை. கர்ஜித்துக்கொண்டு நேராக அவர் மேல் பாய்ந்து வந்தது!

மூன்றாவது குண்டு மார்பைத் துளைத்தது. கரடி ஒதுங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. நெற்றிக்குக் குறி வைத்து நாலாவது குண்டைச் சுட்டார். குறி சற்றுத் தாழ்ந்து, திறந்த வாய்க்குள் போய்த் தாடையை உடைத்தது. சுட்ட கையோடு பக்கத்தில் துள்ளிக் குதித்தார்.

கரிமருந்துப் புகை மண்டியிருந்தது. புகைக்குள் அவர் முதலில் பார்த்தது கரடியின் கை. அது வீசிய அடி அவர் மேல் படவில்லை.

துப்பாக்கியில் இருந்ததே நாலு தோட்டாதான். அத்தனையும் தீர்ந்துவிட்டன. அவசர அவசரமாக இன்னும் இரண்டைத் திணித்தார். அதற்குள் கரடியின் கால்கள் தளர்ந்தன. தலை தொங்கிற்று. சுட்ட முயல்போல் உருண்டு விழுந்தது.

அறுத்துப் பார்த்தார். முதல் மூன்று குண்டுகளில் எந்த ஒன்றும் தனியாகவே அதைக் கொன்றிருக்கும். குண்டு சரியாகத்தான் பட்டது, பலமும் போதுமானதுதான். ஆனால் கரடி சாவதற்கு எடுத்துக்கொண்ட அந்தச் சில வினாடிகளுக்குள் மனிதனைக் கொன்றிருக்க முடியும். ஒற்றை வெடித் துப்பாக்கியோடு போயிருந்தால் ரூஸ்வெல்ட் திரும்பி வந்திருப்பாரா என்பது சந்தேகமே.

பிறகு மருந்து கூடிய 45-90 வின்செஸ்டரையும் கையாண்டார். 1893-ல் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, எந்தத் துப்பாக்கி என்பதைவிட எந்த மனிதன் பிடித்திருக்கிறான் என்பதே பெரிது என்ற கருத்தைச் சொன்னார்.

கட்டிய கரடி

1901-ல் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 42 வயதில் ஜனாதிபதி ஆனார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டை. வழிகாட்டி ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த நீக்ரோ. கரடி வேட்டையில் சூரர். நாய்கள் ஒரு கறுப்புக் கரடியை மடக்கின. ஜனாதிபதி அப்போது அங்கே இல்லை. சாப்பிட முகாமுக்குப் போயிருந்தார். காலியர் சுடவில்லை. துப்பாக்கியால் அதன் மண்டையில் அடித்து, கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டார்.

ஓடி வந்த ஜனாதிபதியைச் சுடச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். கட்டிப் போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டை அல்ல என்பது அவர் கொள்கை. அடிபட்டு வேதனைப்பட்ட கரடியைக் கத்தியால் முடித்துவிடச் சொன்னார். கரடி பிழைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மை அல்ல.

பெரிமன் என்ற ஓவியர் பத்திரிகையில் இதைக் கேலிச் சித்திரமாகப் போட்டார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிக்டம் தம்பதி, துணியில் கரடிப் பொம்மை தைத்து, டெடியின் கரடி என்று எழுதி வைத்தார்கள். பொம்மை உலகம் முழுவதும் பரவியது.

மிருகங்கள் அருகி வருவதை வேட்டைக்காரர் என்ற முறையில் அவர் நேரிலேயே பார்த்தவர். ஜனாதிபதி பதவியில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடாகவும் சரணாலயமாகவும் பாதுகாத்தார். கிரிஸ்லி கரடிக்குச் சட்டப் பாதுகாப்பு வரப் பல காலம் ஆயிற்று. அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் 1975-ல்தான் வந்தது.

நெஞ்சில் தங்கிய குண்டு

1909-ல் பதவி முடிந்ததும் மகன் கெர்மிட்டுடன் ஆப்பிரிக்கா போனார். குத்துச்சண்டையில் பட்ட அடியால் இடது கண் பார்வை அநேகமாகப் போயிருந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் ரைபிள்கள் கொண்டு போனார்: 30 காலிபர் ஸ்பிரிங்பீல்டு, 405 வின்செஸ்டர், யானைக்காக ஹாலண்டு கம்பெனியின் இரட்டைக் குழல்.

1912-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, மில்வாக்கி நகரில், தேர்தல் கூட்டத்துக்குப் புறப்பட்டபோது ஒருவன் அவர் மார்பில் சுட்டான். 38 காலிபர் ரிவால்வர். சட்டைப்பையில் 50 பக்கப் பேச்சு மடித்து வைத்திருந்தது. கூடவே கண்ணாடி வைக்கும் எஃகுக் கூடு. காகிதத்தையும் கூட்டையும் துளைத்த குண்டு வேகம் குறைந்து, விலா எலும்பில் போய் நின்றது.

இருமிப் பார்த்தார். வாயில் ரத்தம் வரவில்லை. நுரையீரலில் படவில்லை என்று வேட்டைக்காரருக்குத் தெரிந்துவிட்டது! மேடை ஏறி ஒன்றரை மணி நேரம் பேசிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

குண்டை எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். 1919-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, தூக்கத்தில் உயிர் பிரிந்தபோதும் அது அவர் நெஞ்சில் இருந்தது. ஓட்டை விழுந்த கண்ணாடிக் கூடு, நியூயார்க்கில் அவர் பிறந்த இடத்தில் திரும்பக் கட்டிய வீட்டில் இருக்கிறது.