மீசை வைத்த அம்மா

நுழையும்முன்

குழந்தையின் கையில் குச்சி குதிரையாகும், தீப்பெட்டி வண்டியாகும், பழைய துண்டு அரசனின் மேலாடையாகும். இப்பாவனை விளையாட்டைப் பெரியோர் வெறும் பொழுதுபோக்காகவே கருதிவந்தனர். அதனைக் கல்வியாகக் கண்டு பள்ளிக்குள் அழைத்துவந்தவர்களுள் ஒருவர் கிஜுபாய் பதேகா.

வழக்கறிஞர் ஆசிரியரானார்

கிஜுபாய் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் குஜராத்தின் சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். 1907இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று பணிபுரிந்தார். தாயகம் திரும்பியபின் பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913இல் மகன் பிறந்தபோது அவருள் ஒரு கவலை எழுந்தது. பிரம்பும் மனப்பாடமும் ஆட்சிசெய்யும் பள்ளிக்கு இக்குழந்தையை எவ்வாறு அனுப்புவது? விடை தேடியவருக்கு இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் எழுத்துகள் வழிகாட்டின. வருவாய் தந்த தொழிலைத் துறந்து, 1916இல் பாவநகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் இணைந்தார். அங்கு 1920இல் இளங்குழந்தைகளுக்கான பால மந்திர் பள்ளியைத் தொடங்கினார்.

வழிகாட்டியோடு ஒரு வேறுபாடு

இளங்குழந்தை முதலில் மெய்யுலகை அறியவேண்டும். மாயக்கதைகள் அதன் அறிவைக் குழப்பும் என்பது மாண்டிசோரியின் கருத்து. குழந்தையின் விடுதலை, புலன்வழிக் கல்வி ஆகியவற்றில் கிஜுபாய் அவரைப் பின்பற்றினார். கதையிலும் நடிப்பிலும் தம் எதிரே இருந்த குழந்தைகளையே பின்பற்றினார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி அவர்களுக்குச் சொன்னார். கேட்ட கதைகளை நடிக்கவும் இடமளித்தார்.

அவருடைய புகழ்பெற்ற நூலான ‘திவாசுவப்னம்’, பகல் கனவு என்னும் பொருளுடையது. அதில் இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் நான்காம் வகுப்பில் ஓராண்டுச் சோதனை நடத்துகிறார். அவருடைய மாணவர்கள் உரையாடலை மனப்பாடம் செய்யாமலே கதையை நடிக்கின்றனர். கதை உள்ளத்தில் நிறைந்திருந்தால் சொற்கள் தாமே பிறக்கும் என்பதே இதன் அடிப்படை.

நடிப்பில் விளையும் கல்வி

சிங்கமாக நடிக்கும் குழந்தை, முயலின் முறை வரும்வரை காத்திருக்கக் கற்கிறது. முயலாக நடிக்கும் குழந்தை, எளியவரின் அச்சத்தை உணர்கிறது. கடைக்காரராக மாறும் குழந்தை எண்ணவும் பேசவும் பழகுகிறது. பிறர் நிலையில் நின்று பார்க்கும் பண்பு இவ்வாறே வேர்கொள்கிறது. இதற்கு ஆசிரியர் செய்யவேண்டுவன சிலவே. கதையும் இடமும் எளிய பொருள்களும் தருதல். அழைத்தால் தாமும் ஒரு வேடம் ஏற்றல். பிழை திருத்த இடையில் புகாதிருத்தல்.

நிறைவு

அன்பு மிகுதியால் மக்கள் கிஜுபாயை ‘மீசை வைத்த அம்மா’ என்றழைத்தனர். 1939ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கவலைக்கு விடைகாண இன்றும் ஓர் எளிய வழி உண்டு. குழந்தைகள் ஆசிரியர் வேடமிட்டு விளையாடுவதைக் கவனித்தால் போதும். ஆசிரியராகும் குழந்தை பிரம்பை எடுக்கிறதா, கதை சொல்லத் தொடங்குகிறதா என்பதில் அது கண்ட பள்ளி தெரிந்துவிடும்.