ராதுவும் அன்னையும்

1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தென்னாட்டுத் தீர்த்த யாத்திரையில் இருந்த அன்னை ஸ்ரீசாரதாதேவியார் சென்னையிலிருந்து பெங்களூருக்கு எழுந்தருளினார். சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் ஏற்பாட்டின்படி, பசவனகுடியில் உள்ள ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமத்தில் தங்கினார். ஒரு நாள் குகைக் கோயிலில் கங்காதரேசுவரரைத் தரிசித்துத் திரும்பியபோது, ஆசிரம வளாகம் முழுவதும் மக்கள் திரண்டிருந்தனர். வண்டியைக் கண்டதும் அனைவரும் நிலத்தில் விழுந்து வணங்கினர். அன்னை இறங்கி, கையை உயர்த்தி ஆசி வழங்கியபடி சில நிமிடங்கள் அசையாது நின்றார். பின்னர் கூடத்தில் மௌனமாக அமர்ந்தார். அவர் அறிந்த வங்காள மொழி எதிரே இருந்தவர்களுக்குத் தெரியாது. இவர்களிடம் ஓரிரு வார்த்தை பேச இயலவில்லையே என்று அவர் வருந்தினார். அதைக் கேட்ட பக்தர்கள், பேச்சே தேவையில்லை, உள்ளம் நிறைந்துவிட்டது என்று தெரிவித்தனர்.

மொழி தெரியாத ஊரில் இத்தனை பேருக்குத் தாயாக அமர்ந்திருந்த அன்னையை உறக்கமின்றிக் கவலைப்பட வைத்த குழந்தை ஒருத்தி உண்டு. அந்த யாத்திரையிலும் அவள் உடன் வந்திருந்தாள். அவள்தான் தம்பி மகள் ராது.

அன்னையின் கடைசித் தம்பி அபய சரண், மருத்துவம் பயின்று வந்த நிலையில் 1899-இல் காலமானார். தம் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும்படி தமக்கையிடம் கேட்டுக்கொண்டே கண்மூடினார். அதிர்ச்சியில் அவருடைய மனைவி சுரபாலாவின் மனம் பேதலித்தது. 1900-இல் ராது பிறந்தாள். ஒரு நாள் சுரபாலா கந்தல்களை இழுத்தபடி நடக்க, குழந்தை அழுதுகொண்டே பின்னால் தவழ்ந்து செல்வதை அன்னை கண்டார். ஓடிச் சென்று வாரி எடுத்துக்கொண்டார். அன்று முதல் இருபது ஆண்டுகள் ராது அவருடைய பொறுப்பு.

பெங்களூருக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, ராமேசுவரத்தில் நடந்த நிகழ்ச்சி இது. இராமநாதபுரம் அரசர் தம் கருவூலத்தை அன்னைக்குக் காட்டும்படியும், அவர் விரும்பும் எதையும் அளிக்கும்படியும் ஆணையிட்டிருந்தார். தமக்கு எதுவும் தேவையில்லை என்ற அன்னை, ராதுவுக்கு ஏதேனும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நெஞ்சு படபடத்தது. கண்முன்னே வைரமும் பொன்னும் மின்னின, பார்ப்பவளோ சிறுமி. பிள்ளையை விருந்துக்கு அழைத்துச் சென்று, அது என்ன கேட்டுவிடுமோ என்று பதறும் எந்தத் தாய்க்கும் இது புரியும். அன்னை அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை; கண்ணால் அடக்கவுமில்லை. ராதுவின் மனத்தில் ஆசை எழாதிருக்கட்டும் என்று குருதேவரிடம் மட்டும் வேண்டிக்கொண்டார். எல்லாவற்றையும் பார்த்து முடித்த ராது, தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் போதும் என்றாள்.

ஒவ்வொரு வேண்டுதலும் இவ்வாறு உடனே பலித்துவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் ராதுவின் திருமணம் நடந்தது. வளர வளர உடல்நலம் குன்றியது. பிடிவாதமும் சினமும் பெருகின. அன்னை பார்க்காத வைத்தியமில்லை, செய்யாத நேர்த்திக்கடனில்லை. கருவுற்றிருந்தபோது சிறு ஓசையையும் ராதுவால் தாங்க இயலவில்லை. அதற்காகவே 1919-இல் அன்னை கல்கத்தாவை விட்டு, அமைதியான கோயால்பாராவில் அவளுடன் மாதக்கணக்கில் தங்கினார். ஒரு சமயம் ராது கோபத்தில் ஒரு கத்தரிக்காயை எடுத்து அன்னையின் முதுகில் ஓங்கி எறிந்தாள். முதுகு வீங்கிவிட்டது. அறியாப் பெண் செய்த பிழையை மன்னிக்கும்படி அன்னை குருதேவரிடம் வேண்டினார்; தம் பாதத்தூளியையே எடுத்து அவள் தலையில் வைத்தார். வலியைவிட, இச்செயலால் அவளுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சமே அவருக்குப் பெரிதாக இருந்தது.

1920-இல் அன்னை காலா அசார் காய்ச்சலால் கல்கத்தாவில் படுக்கையில் இருந்தார். மறைவதற்குச் சில நாட்கள் முன்பு, ராதுவை ஜெயராம்பாடிக்கு அனுப்பிவிடும்படி கூறினார். அவள்மீது வைத்த மனத்தை எடுத்துவிட்டதாகவும், அது இனித் திரும்பாது என்றும் அறிவித்தார். அருகில் இருந்தவர்கள் திகைத்தனர். இதை வெறுப்பு என்று எண்ணுவோர் கத்தரிக்காய் நிகழ்ச்சியை மறந்தவர்கள். ராதுவின் மகன், ஒரு வயதுச் சிறுவன், படுக்கையை நோக்கித் தவழ்ந்து வந்தபோதும் அவனை எடுத்துச் செல்லச் சொல்லிவிட்டார். செய்தியைக் கேட்ட சுவாமி சாரதானந்தர், இனி அன்னையின் உடல் நிலைக்காது என்று உணர்ந்துகொண்டார்.

ஜூலை 21, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு அன்னை மகாசமாதி அடைந்தார்.