தவிட்டின் அருமையை உலகுக்குச் சொன்ன டாக்டர் டெனிஸ் பர்கிட்

அரிசி ஆலையில் வெள்ளை அரிசி வீட்டுக்கும் தவிடு மாட்டுக்கும் போகிறது. அந்தத் தவிட்டில்தான் குடலைக் காக்கும் சத்து இருக்கிறது என்று உலகம் முழுக்க எடுத்துச் சொன்னவர் டாக்டர் டெனிஸ் பர்கிட்.

இளமை

1911-ல் அயர்லாந்தில் எனிஸ்கிலன் ஊரில் பிறந்தார். 11 வயதில் விபத்தில் ஒரு கண் போனது. டப்ளினில் முதலில் பொறியியல் படிப்பில் சேர்ந்து, பிறகு மருத்துவத்துக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர், 1946-ல் உகாண்டாவுக்கு அறுவை சிகிச்சை மருத்துவராகப் போனார். முதலில் வேலை பார்த்த லிரா, கேழ்வரகு விளையும் பகுதி. நாம் பயிரிடும் கேழ்வரகுக்குப் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள்தான்.

வரைபடம் போட்ட மருத்துவர்

1957-ல் தாடை வீங்கிய குழந்தைகள் சிலரை கம்பாலா மருத்துவமனையில் பார்த்தார். அது புதுவகைப் புற்றுநோய் என்று கண்டறிந்து, அடுத்த ஆண்டே எழுதினார். எந்தப் பகுதிகளில் அந்த நோய் வருகிறது என்று பார்க்க, 1961-ல் இரண்டு நண்பர்களோடு பழைய காரில் 16,000 கிலோமீட்டர் சுற்றினார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

வராத நோயைக் கவனித்தார்

1966-ல் இங்கிலாந்து திரும்பியதும் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. அங்கே பெருங்குடல் புற்றுநோய், மூலம், குடல்வால் அழற்சி எல்லாம் சாதாரணம். உகாண்டா கிராமத்தாரிடம் 20 ஆண்டுகளில் இவற்றை அவர் அரிதாகவே பார்த்திருந்தார். கிளீவ் என்ற கடற்படை மருத்துவர், தீட்டிய மாவும் சர்க்கரையுமே இந்த நோய்களுக்குக் காரணம் என்று முன்பே எழுதியிருந்தார். பர்கிட் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டு, எந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டுத் தொகுத்தார்.

மலத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். உகாண்டா கிராமத்தாருக்கு உணவு ஒன்றரை நாளில் வெளியேறியது. நாளைக்கு 400 கிராமுக்கு மேல் மலம். இங்கிலாந்துக் கடற்படை வீரர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆனது. மலம் 100 கிராம் அளவுதான். கழிவு குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அந்த அளவுக்குக் கெடுதி என்ற கருத்தை 1971-ல் வெளியிட்டார். 1993-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய் நார்ச்சத்தைப் பற்றியே பேசினார்.

பிறகு தெரிந்தது என்ன?

அவர் சொன்னது அத்தனையும் அப்படியே நிற்கவில்லை. 2000-ல் வெளியான இரண்டு அமெரிக்க ஆய்வுகளில், நார்ச்சத்து மிகுந்த உணவோ கோதுமைத் தவிடோ சாப்பிட்டும் குடல் கட்டிகள் மீண்டும் வருவது குறையவில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகள் முழுத் தானியத்துக்குச் சாதகமாகவே வந்தன. தினமும் 90 கிராம் முழுத் தானியம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 17 சதவீதம் குறைவு என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் கணித்துள்ளது.

நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் புளிக்க வைக்கும்போது பியூட்ரேட் என்ற அமிலம் உண்டாகிறது. இது பெருங்குடல் செல்களுக்கு உணவு. தவிட்டிலும் முளைக்கருவிலும் ஃபெருலிக் அமிலம், லிக்னான், ஃபைடிக் அமிலம் போன்ற தாவரப் பொருட்களும் செறிந்துள்ளன. இவை செல்களைக் காப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தானியத்தைத் தீட்டும்போது இவற்றில் பெரும்பகுதி போய்விடுகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியது

* வீட்டுத் தேவைக்கு நெல் அரைக்கும்போது உமியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள், பாலிஷ் வேண்டாம்.
* வரகு, சாமை, தினையையும் வெள்ளையாகும்வரை தீட்டாதீர்கள்.
* கேழ்வரகு, கம்பு மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாதீர்கள்.
* தவிட்டில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள்.
* பழக்கமில்லாதவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தானியம் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். வந்த நோய்க்கு மருந்தாகாது. மலத்தில் ரத்தம், பல வாரம் நீடிக்கும் வயிற்றுப் போக்கு அல்லது மலச்சிக்கல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால், மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள்.