பீத்தோவன் அனுப்பாத கடிதம்

ஏதாவது ஒரு ஆபீஸுக்கு போன் போட்டு ஹோல்டில் காத்திருந்திருக்கிறீர்களா? அப்போது காதில் ஒரு பியானோ ட்யூன் ஓடுமே, அது பல நேரம் பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’தான். 1810-ல் அதை எழுதியபோது அவருக்குக் காது கேட்பது ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருந்தது.

காது கேட்காத இசைமேதை என்று ஒரே வரியில் அவரைக் கடந்துவிடுகிறோம். ஆனால், அதை வெளியே சொல்ல முடியாமல் மனுஷன் பட்ட பாடு தனிக்கதை.

ஜெர்மனியின் பான் நகரில் 1770 டிசம்பரில் பிறந்தவர். அப்பா அரண்மனைப் பாடகர், பெருங்குடிகாரர். மகனை அடுத்த மொஸார்ட் ஆக்கிவிடணும்னு வெறி. ஏழு வயதுப் பையனை ஆறு வயசுன்னு குறைத்துச் சொல்லி மேடையேற்றினார். 1792-ல் வியன்னா போன பீத்தோவன், ஹைடனிடம் பாடம் கற்றார். சில வருஷத்திலேயே, பியானோ முன்னால் உட்கார்ந்து அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை என்று பேர் வாங்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், 30 வயதை நெருங்கும் சமயத்தில், காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. ராத்திரி பகல் ஓயாத ரீங்காரம். நாடகம் பார்க்கப் போனால் முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் வசனம் புரியும். பாதாம் எண்ணெய், குளிர்ந்த நீர்க் குளியல், வெந்நீர்க் குளியல்... டாக்டர்கள் சொன்ன எதுவும் கேட்கவில்லை.

நோயைவிட, அது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான் அவரைத் தின்றது. இசைக்கலைஞனுக்கே காது போச்சுன்னா எதிரிகள் என்ன பேசுவாங்க? அதனால் பார்ட்டி, விருந்து எல்லாவற்றையும் தவிர்த்தார். ஊர் அவரைத் திமிர் பிடித்தவர், சிடுமூஞ்சி என்றது. அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1801-ல் நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கடிதத்தில் உண்மையைச் சொன்னார்.

1802-ல் டாக்டர் பேச்சைக் கேட்டு, வியன்னாவுக்கு வெளியே ஹைலிகன்ஷ்டாட் கிராமத்தில் சில மாதங்கள் தங்கினார். ஒருநாள் வாக்கிங் போகும்போது, எங்கோ ஒரு மேய்ப்பன் குழல் ஊதுவதைக் கூட வந்தவர் ரசித்துக்கொண்டிருக்க, இவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. உடைந்துபோனார். அக்டோபர் 6-ம் தேதி தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிட்டத்தட்ட மரண சாசனம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதையும், மனதுக்குள் இருக்கும் இசையை முடிக்காமல் போக முடியவில்லை என்பதையும் அதில் ஒப்புக்கொண்டார். தன் நோய் என்னவென்று, செத்த பிறகாவது உலகத்துக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

கடிதத்தை அவர் போஸ்ட் பண்ணவே இல்லை. ஆச்சர்யம் என்னன்னா, அதே கிராமத்தில் அதே மாதங்களில் அவர் எழுதிக்கொண்டிருந்த இரண்டாவது சிம்பொனி அவ்வளவு குதூகலமானது!

அடுத்து எழுதிய மூன்றாவது சிம்பொனி, வழக்கமான சிம்பொனிகளைவிட மிக நீளமானது, முரட்டுத்தனமானது. 1806-ல் ஒரு குவார்ட்டெட்டுக்கான குறிப்புத்தாளில், தன் செவிட்டுத்தன்மை இனி இசையிலும் ரகசியமாக இருக்க வேண்டாம் என்று தனக்குத்தானே எழுதிவைத்தார். என்னைக் கேட்டால், எந்த சிம்பொனியையும்விட முக்கியமான இடம் இதுதான்.

அதற்காகக் காது திரும்பிவிடவில்லை. 1814-ல் ஓர் ஒத்திகையில், சத்தமாக வாசிக்க வேண்டிய இடத்தில் கம்பிகள் அதிர அடித்தார். மென்மையான இடங்களில் பல ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. அடுத்த வருஷத்தோடு மேடையில் பியானோ வாசிப்பது முடிந்துபோனது. 1818-லிருந்து வீட்டுக்கு வருபவர்கள் பேச வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். இவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொல்லிவிடுவார். அதனால் இன்று அந்த நோட்டுகளைப் படித்தால், போனில் யாரோ பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் சின்ன வயதிலிருந்து ஊறிய இசை உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பாக்கெட்டில் குறிப்பேட்டோடு மணிக்கணக்கில் நடப்பார், நிற்பார், எழுதுவார்.

1824 மே 7. ஒன்பதாவது சிம்பொனி அரங்கேற்றம். மேடையில் பீத்தோவனும் நின்று தாளம் காட்டினார். உண்மையில் நடத்தியவர் உம்லாஃப். பீத்தோவனின் கையைப் பார்க்காதீர்கள் என்று வாத்தியக்காரர்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. முதுகைக் காட்டி நின்ற பீத்தோவனுக்குத் தெரியவே இல்லை. கரோலின் உங்கர் என்ற இளம் பாடகி வந்து அவரைத் திருப்பிவிட்டார். அப்போதுதான், காற்றில் அசையும் கைக்குட்டைகளைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இனி ஒளிக்க எதுவும் இல்லை.

1827 மார்ச் 26-ல், 56 வயதில் இறந்தார். அவருடைய காகிதங்களைப் புரட்டியபோது அந்த ஹைலிகன்ஷ்டாட் கடிதம் கிடைத்தது. வியன்னாவில் அடிக்கடி வீடு மாற்றிக்கொண்டே இருந்தவர், 25 வருஷமாக அதை மட்டும் தொலைக்கவில்லை. அது யாருக்கு எழுதப்பட்டதோ, அந்தத் தம்பிகளில் ஒருவரான கார்ல் 1815-லேயே இறந்துவிட்டிருந்தார்.